பட்டியலில் பதினேழு

லண்டன் ஹரோவில் இருந்த அந்த யூத முதியோர் இல்லத்தில் அன்று ஃபயர் டிரில். தோட்டத்தில் கூட்டிவைத்திருந்தவர்களைப் பணிப்பெண் வான்மதி விரல் நீட்டி எண்ணினாள். பட்டியலில் பதினேழு பேர். எண்ணினால் பதினெட்டு வந்தது.

"அக்கா, ஒராள் கூடுது."

"வடிவா எண்ணும், பிள்ளை," என்றாள் உடன் வேலைசெய்யும் ஷோபா. மறுபடியும் பதினெட்டு.

"யூதர்கள் நாங்கள் ஆட்களை எண்ணுவதில்லை," என்றார் வரிசையில் நின்ற எடித். நாஜிகளிடமிருந்து குழந்தைகளைத் தப்புவித்த ரயிலில், ஐந்து வயதில் வியன்னாவிலிருந்து வந்தவர். "ஸ்டேஷனில் எண்ணினார்கள். ஒன்று அதிகமென்று என் தம்பியை இறக்கிவிட்டார்கள்."

எல்லோரும் உள்ளே போகும்போது வான்மதி வாசலில் நின்று எண்ணினாள். பதினேழு வந்ததும் சட்டென்று கதவைப் பூட்டினாள்.

வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் முழங்காலுக்குச் சற்று மேலே கேட்டது அந்தச் சத்தம்.

எடித் அவள் கையைப் பிடித்தார்.

"மறுபடியும் எண்ணிவிட்டாயே."