ஒப்புதல் அதிகாரி

“என்னை வேற பிரிவுக்கு மாத்திடுங்க மேடம். இனிமே அவரோட ஒரே பிரிவுல வேலை பார்க்க முடியாது.”

குடிநீர் வாரியத்தின் கணினிப் பிரிவுத் தலைவி கையிலிருந்த கோப்பை மூடி வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த புரோகிராமர் சொன்னால் சொன்னதுதான்.

‘அவர்’ என்றால் ஒப்புதல் அதிகாரி. ஊர் முழுக்கத் தண்ணீர்க் கட்டணம் போடும் மென்பொருளில் அவள் ஒரு வரியை மாற்றினாலும், அதை அவன் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். தலைவியே கொண்டுவந்த ஏற்பாடு அது. அவனோ லேசில் மசிகிற ஆள் இல்லை. வந்ததற்கெல்லாம் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ‘திருப்பிவிடு’தான். ஆரம்பத்தில் இருவரும் போட்ட சண்டையில் கண்ணாடித் தடுப்பே அதிரும். ஆனால் அவர்கள் கைக்கு வேலை வந்த பிறகு ஒரு வீட்டுக்கும் தப்பான பில் போனதில்லை.

“வேலைன்னா நாலு வார்த்தை வரத்தான் செய்யும்மா. புது மென்பொருள் வர்ற நேரத்துல இப்படிக் காலை வாரினா எப்படி?”

“அவர் இப்பல்லாம் என் வேலை எதையும் தொடறதே இல்ல மேடம். எல்லாத்தையும் உதவி அதிகாரி தலையில கட்டிடறார்.”

முகத்தில் விழிக்காத அளவுக்கு முற்றிவிட்டதா? தலைவி உடனே அவனையும் கூப்பிட்டாள். வந்தவன் புரோகிராமர் பக்கமே பார்க்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“ஏன், இவங்க வேலையை நீங்க பார்க்கிறதே இல்லையாமே?”

“முடியல மேடம். இவங்க பேரைப் பார்த்தாலே எனக்கு நிதானம் போயிடுது. சரியா தப்பான்னு நியாயமாச் சொல்ல வரல.”

“அவ்வளவு தூரம் போயிடுச்சா?”

“வீட்டுப் பெரியவங்க வரைக்கும் போயிடுச்சு மேடம். போன மாசம் இவங்க அப்பாவும் எங்க அப்பாவும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினாங்க.”

தலைவி பேனாவைக் கீழே வைத்தாள். அலுவலகச் சண்டை வீடு வரைக்குமா! இருவரையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்தது தான்தானே என்று மனசு உறுத்தியது.

“இதோ பாருங்க, நீங்க ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு மாதிரி. ஆளுக்கு ஒரு படி இறங்கி வாங்க. இங்கேயே சமாதானமா இருக்கக் கூடாதா?”

“நாங்க இருப்போம் மேடம். விதிதான் இடம் குடுக்காது,” என்றாள் புரோகிராமர். “நீங்க போட்டதுதான். எழுதறவரும் ஒப்புதல் தர்றவரும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது.”

“அது சொந்தக்காரங்களுக்கும்மா! நீங்க ரெண்டு பேரும் சொந்தமா என்ன?”

அவள் அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

“வர்ற வெள்ளிக்கிழமை காலையில இருந்து, மேடம்.”