தவசி போட்ட பட்டம்

பிரிவுபசார விழாவில் ஒவ்வொரு சீனியருக்கும் ஒரு துணியில் பட்டம் எழுதி, அதைத் தோளில் போட்டுவிடுவது எங்கள் விடுதி வழக்கம். "தூங்குமூஞ்சி", "ஓசிச்சோறு" என்று ஜூனியர்கள் பழிதீர்த்துக்கொள்ள வருடத்தில் அந்த ஒரு நாள்தான் உண்டு. குபேந்திரனுக்குப் பட்டம் போடும் முறை தவசிக்கு வந்தது. முதல் வருடம் தவசியைப் பார்க்க வந்த அவன் அப்பாவை, "பாட்டுப் பாடினாத்தான் உள்ள விடுவோம்" என்று வாசலில் நிறுத்தியவன் குபேந்திரன். அது விடுதி விதி என்று நம்பி, அந்த மனிதர் கைகட்டி நின்று பாடினார்.

தவசி துணியை விரித்தான். "நல்லவர்" என்று எழுதியிருந்தது.

"டேய், நக்கலா?" பல்லைக் கடித்தான் குபேந்திரன்.

"மனசார எழுதுனதுண்ணே."

மகனை அழைத்துப்போக வந்திருந்த குபேந்திரனின் அம்மா, முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். "வீட்டுல இவன ஒரு ஆளா யாரும் மதிச்சதில்ல தம்பி. இங்க என்ன நல்லது செஞ்சான்? ஒண்ணே ஒண்ணு சொல்லு, இவங்கப்பாகிட்ட போய்ச் சொல்லணும்."

ஏதாவது சொல்லித் தொலையேன் என்று குபேந்திரனின் கண்கள் கெஞ்சின. தவசி ஒரு நாளைக்கு ஒரு பொய்தான் சொல்வான். அதை ஏற்கெனவே துணியில் எழுதிவிட்டான்.

"நான் எதுக்கும்மா, அண்ணனே சொல்லட்டும்" என்று மிகுந்த மரியாதையோடு மைக்கை நீட்டினான்.

குபேந்திரன் வாங்கிக்கொண்டான். அவன் மூச்சு மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வெக்கப்படாம சொல்லுய்யா."