நாவல் மரத்தின் மேல் ஒரு புகார்

நகராட்சியிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி, மரச்சுத்தியலால் நாவல் மரத்தை மூன்றாவது தடவை தட்டினார்.

முதல் இரண்டு தட்டும் கெட்டியாகக் கேட்டன. இது பொத்தென்று கேட்டது.

அவர் நெற்றியைச் சுருக்கினார். இடுப்பு உயரத்தில், அதே இடத்தில் காதை வைத்து மறுபடியும் தட்டினார். பிறகு வண்டியில் இருந்தவரிடம் டிரில்லிங் மெஷினை எடுத்துவரச் சொன்னார்.

"போச்சு," என்றார் என் கணவர்.

"வாயை வைக்காதீங்க."

தெருவே மரத்தைச் சுற்றி நின்றது. ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கத்தில், தன் வீட்டு கேட்டைப் பிடித்தபடி தனியாக நின்றார்.

கிளட்ச்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் தெருமுனை வரை கேட்கும்படி "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துவதால் வந்த பெயர். அவருடைய இரண்டு வெள்ளைக் கார்களும் இந்த மரத்தடியில்தான் நிற்கும். பழக்காலம் வந்தால் இரண்டுக்கும் ஊதாவில் அம்மை போட்டுவிடும்.

அதற்காகத்தான் புகார் கொடுத்திருக்கிறார் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. 'மரம் உள்ளே உளுத்துவிட்டது. எந்த நேரமும் விழலாம். வெட்டி அகற்றவும்.' புகார் கொடுத்தவர் பெயரோடு மரத்திலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த வீடுகள் வருவதற்கு முன்பே நின்ற மரம் அது. சாலை போட்டவர்களே அதற்காக ஓரடி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் அழகுக்காக வைத்த வெளிநாட்டு மரங்கள் போன வருடக் காற்றில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. இது நாலு சுள்ளியை உதிர்த்ததோடு சரி. உச்சிவெயிலில் எங்கள் தெருவுக்குள் திரும்பினாலே போதும், கண்ணை மூடியிருந்தாலும் உடம்பு சொல்லிவிடும்.

நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு எதிர்மனு கொடுத்தோம். நான் அவரிடம் போய்க்கொண்டிருந்த டிரைவிங் வகுப்பைப் பாதியில் நிறுத்தினேன். மருந்துக்கடைக்காரர் நேராகவே போய், "நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

கிளட்ச் குனிந்த தலை நிமிராமல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெஷின் வந்தது. அதன் முனை ஸ்வெட்டர் பின்னும் ஊசி அளவுதான் இருந்தது.

"கறுப்பா, மாவு மாதிரி உதிர்ந்தா உள்ள உளுத்திருக்குன்னு அர்த்தம்," என்றார் அதிகாரி. "நாரா, ஈரமா வந்தா கவலை இல்ல."

உளுத்திருந்தால் இன்றே வெட்டிவிடுவார்கள். வாள்கள் வண்டியிலேயே இருந்தன.

மெஷின் உறுமியது. அவர் துளைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினார்.

முதலில் கறுப்பாகத்தான் விழுந்தது.

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திருமண மேடைக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

இன்னும் ஒரு விரல் ஆழம். சட்டென்று நிறம் மாறியது. வெளிறிய நார் சுருள்சுருளாக வந்து அதிகாரியின் கையை நிறைத்தது. அவர் அதைப் பிசைந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் துளைத்தார். அங்கேயும் அதேதான்.

"எப்பவோ கிளை ஒடிஞ்ச காயம். மேலோட இருக்கு, அவ்வளவுதான். நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்."

தெரு மொத்தமும் பெருமூச்சு விட்டது. யாரோ கை தட்டினார்கள். அதிகாரி ஒரு சின்னத் தகட்டை மரத்தில் அடித்தார். 417. நம்பர் விழுந்த மரத்தின் மேல் இனி கோர்ட்டுக்குப் போகாமல் யாரும் கை வைக்க முடியாதாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கிளட்ச் பக்கம் திரும்பினோம். அவர் மூஞ்சி போகும் போக்கைப் பார்க்க வேண்டாமா?

முகம் தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கார் துடைக்கும் துணியில் அதைப் புதைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

புகார்தாரரின் கையெழுத்து வாங்க அதிகாரி சாலையைக் கடந்தார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அதிகாரி ஃபைலைத் திறந்தார். புகாருக்குக் கீழே இன்னும் மூன்று தாள்கள் இருந்தன. அதே சாய்ந்த கையெழுத்து. அதில் ஒன்று, இரண்டு வருடப் பழசு.

"இந்த மரத்துக்கு நம்பர் போட்டுக் காப்பாத்துங்கன்னு எழுதினதும் நீங்கதானா?"

கிளட்ச் துணியை எடுத்தார். கண் சிவந்திருந்தது.

"மூணு மனு போட்டேன் மேடம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்போ தெருமுனை காலி மனையை வாங்கினவங்க, லாரி உள்ள போகணும்னு மரத்தை எடுக்க ஆள் பேசிட்டாங்க. வேற வழி தெரியல. விழப்போகுதுன்னு எழுதினேன். பதினஞ்சே நாள்ல வந்துட்டீங்க."

கடைசியில் என்னால் ஒன்றுதான் கேட்க முடிந்தது.

"ஏண்ணே, நெஜமாவே உளுத்திருந்தா?"

அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். கதவருகே நின்றிருந்த அவர் மனைவிதான் சொன்னார்.

"ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடலம்மா."