பத்தாவது விதை

அறுத்து வைத்த பூசணிக்காய்க்குள் குழந்தைகளையே கைவிட்டு விதை எடுக்க வைத்திருந்தாள் டீச்சர். ஆளுக்கொரு கிண்ணம், கிண்ணத்துக்குப் பத்து விதை.

வாசலில் தலைமையாசிரியை நந்தி மாதிரி நின்றார். "போன வருஷம் ஒரு புள்ள மூக்குல விதையைப் போட்டுக்கிச்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னிக்கு ஒண்ணு குறைஞ்சாலும் இந்தக் கூத்துக்கெல்லாம் முழுக்குதான்!"

டீச்சர் அவசரமாகக் குழந்தைகள் பக்கம் திரும்பினாள். "கணக்கு சரியா இருக்கணும் கண்ணுங்களா!"

எல்லோரும் உரக்க எண்ணினார்கள். கடைசி வரிசை வாண்டு மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விதையை வாயில போட்டியாடி?"

வாண்டு உதட்டை இன்னும் இறுக்கினாள். கண் மட்டும் கலங்கியது.

தலைமையாசிரியை விடுவிடுவென்று வந்து, அவள் கிண்ணத்தில் கொழகொழத்த நாரோடு கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். "எட்டு, ஒம்பது, பத்து. சரியாத்தான் இருக்கு. பொழைச்சீங்க டீச்சர்!"

அவர் தலை மறைந்ததும் டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்புறம் ஏன்டி வாயைத் தொறக்கல?"

வாண்டு மெல்லத் திறந்தாள். முன்பல் ஒன்றைக் காணோம்.

"ஒரு விதையைக் கடிச்சேன் டீச்சர், பல்லு விழுந்துடுச்சு. விதையை முழுங்கிட்டேன். கணக்கு சரியா இருக்கணும்னு சொன்னீங்கல்ல... அதான் பல்லைப் போட்டுட்டேன்."