கடுகுத் தண்ணீர்

டென்மார்க்கின் ஒடென்சே நகருக்கு வெளியே, புதிதாய்த் துளிர்த்த பீச் மரங்களுக்கடியில், மண்ணில் பதித்த இரும்புச் சட்டத்துக்குள் அஜந்தினி கடுகுத் தண்ணீரை ஊற்றுகிறாள். காரம் இறங்கினால் மண்புழுக்கள் மேலே வரும்; எண்ணலாம். பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவள் அகோசுவா. கானாவிலிருந்து வந்த மண் ஆய்வாளர், அஜந்தினியின் ஆய்வுக்கு வழிகாட்டி. பல்கலைக்கழகத்துக் கறுப்பு மாணவிகளைப் புதன்தோறும் இந்தக் காட்டுக்கு அழைத்து வருபவள். "இஞ்சை ஆரையும் கேக்காமல் சத்தமாய்ச் சிரிக்கலாம்" என்று டெனிஷில் சொல்வாள். இன்று அவளே சிரிக்கவில்லை. அவளுடைய விசாவை நீட்டிக்க மறுத்த கடிதம் சட்டைப்பையில் கசங்கிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கானாவுக்கு விமானம். "மூண்டு வருசத்துக்கு முந்தி நாலே நாலு புழு. இண்டைக்கு எத்தினை எண்டு பாத்திட்டுப் போறன்" என்று முணுமுணுக்கிறாள்.

இலைகளினூடே விழும் வெளிச்சம் ஈரமண்ணில் நடுங்குகிறது. பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒண்டாவது வாங்கோ, ஒண்டே ஒண்டு என்று அஜந்தினி மனத்துக்குள் மண்ணைக் கெஞ்சுகிறாள். ஒன்றும் வரவில்லை. அகோசுவா வாளிக்குள் விரலை விட்டு நாக்கில் வைக்கிறாள். "காரமே இல்லை. கடுகை என்ன செய்தனி?"

"அம்மா அரைச்சுத் தந்தவ." அஜந்தினியின் முகம் வெளிறுகிறது. "கறித்தூளுக்கு மாதிரி வறுத்துப்போட்டு அரைச்சிருப்பா."

அகோசுவா வெடித்துச் சிரிக்கிறாள். காட்டுப்புறாக்கள் படபடத்து எழும்புகின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லை, வாற புதன் வறுக்காத கடுகு கொண்டு வா" என்கிறாள். சொன்ன பிறகுதான் இருவருக்கும் வெள்ளிக்கிழமை நினைவு வருகிறது. சட்டத்துக்குள் மண் அசையாமல் கிடக்கிறது.

"ஓம்" என்கிறாள் அஜந்தினி, "கொண்டு வாறன்."