மேட்டுச் சாலையில் மச்சானும் மாப்பிள்ளையும்

இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் நடக்கும் சாலை ஓட்டப் பந்தயம். மேட்டின் பாதியில், பந்தயத்தில் கலந்துகொண்ட பேருந்து ஓட்டுநர் ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஈரச் சருகுகள் மீது உட்கார்ந்துவிடுகிறார். மங்கிய வெயிலில் மூச்சு புகையாகிறது. “விட்டுடாதீங்கண்ணே!” என்று கைதட்டியபடி மற்றவர்கள் கடந்து போகிறார்கள். முன்னால் ஓடிய அவருடைய தங்கை கணவர் மட்டும் திரும்பி இறங்கி வருகிறார். ஒரு கல்யாண வீட்டில் வார்த்தை தடித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவர் மண்டியிட்டு, மச்சானின் காலை மடியில் வைத்து நீவுகிறார். “நீங்க போங்க மாப்ளே, இன்னிக்கு நல்லா ஓடிட்டிருந்தீங்க.” “அது கெடக்கட்டும். வலிக்குதா?” “வலிக்குது.” “எனக்கும்தான் மச்சான்,” என்கிறார், நீவுவதை நிறுத்தாமல். பிறகு, “எழுந்திரிங்க, சேர்ந்தே போவோம்” என்கிறார். ஓட்டுநர் அவர் தோளைப் பற்றி எழுகிறார். இருவரும் மெல்ல ஓடுகிறார்கள். மேடு முடிந்த பிறகும் அந்தக் கை தோளிலேயே இருக்கிறது.