தமிழில் கேட்பவர்களுக்காக

அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமனார் வாயைத் திறந்துவிட்டார்.

அவள் ஒரு கரண்டி கஞ்சியை அந்த வாயில் விட்டாள். இன்னொரு கை தன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்தது. அவளுடைய வாய் மட்டும் அமைச்சரிடம் இருந்தது.

நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் குழந்தை வளர்ப்பதும் வேலைதான், இனியாவது அதை வேலை என்று சொல்லுவோம் என்று அந்தக் குளிர்நாட்டு அமைச்சர் முழங்கினார். அவளும் முழங்கினாள், கஞ்சி சிந்தாமல்.

வீட்டுக்குள் சம்பளமில்லாமல் நடக்கும் வேலைகளைப் பற்றி உலக நாடுகள் கூடிப் பேசும் மாநாடு அது. எங்கோ ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. வர முடியாதவர்கள் இணையத்தில் பார்த்தார்கள். வேண்டிய மொழியை அழுத்திக் கேட்கலாம். தமிழை அழுத்தினால் அவள் குரல் வரும். பெண்கள் சங்கங்கள் மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து, கூட்டமாக உட்கார்ந்து கேட்டன.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சம்பளம் கிடையாது. நல்ல காரியம், வீட்டில் இருந்தபடியே செய்யலாம், உங்களுக்கும் பொழுது போகும் என்று சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். பொழுது போகாமல் தான் தவிப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

முன்பு அவள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது, யாராவது ஒருவர் வேலையை விட்டாக வேண்டும் என்று வீட்டில் கூடிப் பேசினார்கள். அந்த ஒருவர் யார் என்று மட்டும் யாரும் பேசவில்லை. பேச அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் மடிக்கணினி, கட்டிலோரத்துச் சின்ன மேசையில், மருந்து பாட்டில்களை ஒதுக்கிவிட்ட இடத்தில் இருந்தது.

மொழிபெயர்க்கிறவர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். கொலைகாரன் பேசினாலும் ‘நான்தான் குத்தினேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் அவள் அப்படிப் பல பேரைக் குத்தியிருக்கிறாள்.

அமைச்சருக்குப் பிறகு ஒரு தீவு நாட்டுப் பேராசிரியர் வந்தார். பாத்திரம் கழுவி மனைவிக்கு உதவுவதாகச் சொன்னார். ஒரு பாலைவன நாட்டுத் தூதர், பிள்ளைகளைத் தூங்கவைத்து உதவினார். மலைநாட்டிலிருந்து வந்த வங்கித் தலைவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து உதவினார்.

நாடு மாறியது, மொழி மாறியது, உதவி மட்டும் மாறவில்லை. ஒரே சொல்லைச் சொல்லி அலுத்துப்போய், அவள் நடுவில் ‘ஒத்தாசை’ என்று போட்டுப் பார்த்தாள். வங்கித் தலைவருக்கு அது பொருந்தவே இல்லை.

அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சமையல் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் மாமனாரின் போர்வை நனைந்தது.

அவள் பேச்சை விடவில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்ததை உருவி, துடைத்து, வேறு துணி விரித்தாள். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது மட்டும் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். வங்கித் தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு தொண்டு நிறுவனத்தின் இயக்குநரைப் பேச அழைத்தார்கள்.

அவருடைய முதல் வாக்கியத்தில் மட்டும் அவள் தடுமாறினாள். பிறகு சமாளித்துக்கொண்டாள்.

‘உதவி’ என்ற சொல்லையே தான் வெறுப்பதாக அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தன் வீட்டில் யாரும் யாருக்கும் உதவுவதில்லையாம். அவரவர் கடமையை அவரவர் செய்கிறார்களாம். அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட தகப்பனாரைத் தானே வைத்துப் பார்த்துக்கொள்வதைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கியபோது, நான்கைந்து பேர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

என் அப்பாவுக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன் என்று அவள் தமிழில் சொன்னாள். நான்தான் துடைத்துவிடுகிறேன். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று புரட்டிப் படுக்கவைப்பதும் நான்தான். சில நாள் அழுகை வரும், குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

அப்பா என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் அவள் வாயில் அப்படியே உட்கார்ந்தது. எந்த இடத்திலும் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. குரல் தானாக ஏறியது, தானாக உடைந்தது. இவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பை அவள் நீதிமன்றத்தில்கூடச் செய்ததில்லை.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மாமனாருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டதே தவிர, காது நன்றாகக் கேட்கும். மருமகள் காலையிலிருந்து பேசுவது யார் யாருடைய பேச்சையோ என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. நன்றாக இருந்த கையை நகர்த்தி அவள் மணிக்கட்டைத் தொட்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

“யாரு பெத்த பிள்ளைம்மா இது?”

குழறலாகத்தான் கேட்டார். ஆனால் இத்தனை மாதத்தில் அவர் முழுதாகப் பேசிய வாக்கியம் அதுதான்.

மைக்கை மூட ஒரு விரல் போதும். அவள் மூடவில்லை.

“நீங்க பெத்ததுதான் மாமா.”